சாறிச் சட்டைக்கு வடிவம் பிறந்த கதை

1950இல் திருகோணமலை நகரசபை தண்ணீருக்காக ஒரு கிணறு வெட்டியது. கோணேசர் கோயிலில் இருந்து ஏறக்குறைய 500 யார் தூரம். தோண்டத் தோண்ட மண்ணுக்குள் இருந்து விக்கிரகங்கள் வெளிவந்தன: சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பிள்ளையார், அம்மன். 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது அடியார்கள் புதைத்து வைத்தவை என்று ஊர் நம்புகிறது. சோழர் வார்ப்பு மரபில் வரும் அம்மன்களைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பை ஒரு பக்கம் ஒசித்து மூன்று வளைவாக நிற்பார்கள். இடுப்புக்குக் கீழே மெல்லிய துணி; அதன் மடிப்புக்கோடுகள் தொடையின் வளைவோடு சேர்ந்தே ஓடும். மேலே ஆபரணங்கள். ஊசி ஏறாத உடுப்பு அது. உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே அதன் அழகு எடுத்துக்காட்டப்படுகிறது.

சுற்றிக் கட்டும் துணியின் பெருமை இதுதான். ஆறு யார் துணிக்கு மெலிந்தவள், பருத்தவள் என்ற பேதம் இல்லை. கட்டுகிற கைதான் அதற்கு வடிவம் கொடுக்கிறது. வெட்டித் தைத்த சட்டை அப்படியல்ல. கத்திரி பட்ட துணிக்கு ஓர் அளவு வந்துவிடுகிறது; அந்த அளவுக்குள் அடங்காத உடம்புக்குக் குறை வந்துவிடுகிறது. இன்று திருகோணமலையின் மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ துணிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "எனக்கு ஒண்டும் வடிவா இல்லை" என்று முகம் வாடுகிற எத்தனையோ பெண்களின் மனவருத்தத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அவர்களின் உடம்பில் பிழை இல்லை. சாறிச் சட்டை எப்படிப் பிறந்தது, அதற்கு வளைவு எப்படி வந்தது என்று தெரிந்தால் இது விளங்கும்.

தையல் நமக்குப் புதிதல்ல. புகார்த் துறைமுகத்தில் துணி தைப்பவர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. முல்லைப்பாட்டின் யவனக் காவலர் மெய்ப்பை என்ற சட்டை அணிந்து நிற்கிறார்கள். பெண்கள் கச்சு அணிந்தார்கள். ஆனால் தைத்த மேற்சட்டை எல்லாப் பெண்களுக்கும் உரிய உடுப்பாக இருக்கவில்லை. பலருக்கு அது மறுக்கப்பட்டும் இருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தடை இருந்தது. மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்கள், சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் போடுவதுபோல் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம் என்று 1814இல் பிரித்தானிய அதிகாரி கேர்ணல் மன்றோ உத்தரவிட்டார். அதையும் ஆதிக்க சாதியினர் பொறுக்கவில்லை. தெருவில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது; கலகங்கள் மூண்டன. சென்னை ஆளுநர் சார்ள்ஸ் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுக்கும் முறையில் உடுக்கக்கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள்மீது இதே தடை இருந்தது. எனக்கு எந்தச் சட்டை எடுப்பாக இருக்கும் என்று ஒரு பெண் தையற்காரியிடம் கேட்பதைச் சின்ன ஆசையாக நான் ஒருபோதும் நினைப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமலே வாழ்ந்து போன பாட்டிகள் இருந்தார்கள்.

சாறியோடு சட்டையும் உள்பாவாடையும் சேர்ந்த இன்றைய கூட்டு, வங்காளத்தில் ஒரு பெண்ணின் முயற்சியால் பரவியது. சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி, 1860களில் கணவரின் உத்தியோகத்துக்காகப் பம்பாய் போனார். அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தும் விதத்தைப் பார்த்துத் தனக்கென்று ஒரு முறையை அமைத்துக்கொண்டார். 1871இல் பாமாபோதினி பத்திரிகையில், வேண்டியவர்களுக்குக் கற்றுத்தருவதாக விளம்பரமும் செய்தார். அந்தக் காலத்துச் சட்டை விக்டோரியா ராணி காலத்து மேற்சட்டையின் தங்கை: உயர்ந்த கழுத்து, நீண்ட கை, ஓரத்தில் லேஸ். மறைப்பதற்காகவே தைக்கப்பட்டது; உடம்பின் வளைவை அது இன்னும் அறியவில்லை.

இலங்கையில் 1905இல் ஆனந்த குமாரசுவாமி சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, ஐரோப்பிய உடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைக் கண்டித்தார். அநகாரிக தர்மபாலர் சிங்களப் பெண்களைச் சாறிக்கு அழைத்தார். சாறி கட்டினாலும் மேலே தைத்த சட்டை வேண்டியிருந்தது; அதற்குத் தையல் மெசின் வேண்டியிருந்தது. சிங்கர் நிறுவனம் 1877இலேயே கொழும்பில் கடை திறந்துவிட்டது. வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க இந்த மெசினின் வரவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் இருந்தபடியே பெண் சம்பாதிக்க வழி திறந்த பொருள்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

திருகோணமலை, 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம். கவுனும் சாறியும் ஒரே தெருவில் நடந்த ஊர். பாலையூற்றில் போர்த்துக்கேய மொழி பேசிய பறங்கியர் குடும்பங்கள் இருந்தன. கிழக்கின் பறங்கியரில் ஆண்கள் தச்சும் இரும்பு வேலையும் செய்ய, பெண்களுக்குத் தையல் கைவந்த கலை. கவுன் தைக்கத் தெரிந்த கைக்கு ஓர் இரகசியம் தெரியும்: தட்டையான துணியை எப்படி வளைப்பது.

அந்த இரகசியத்தின் பெயர்தான் டாட். கச்சான் கொட்டை சுற்றித் தரும் கடதாசியை நினைத்துப் பாருங்கள். தட்டைக் கடதாசி, ஒரு பக்கம் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியதும் குவிந்த சுருளாகிவிடுகிறது. துணியிலும் அப்படித்தான். ஓர் ஆப்பு வடிவத்தை மடித்துத் தைத்தால், மடிப்பின் நுனியில் துணி குழிந்து மார்புக்கு இடம் கொடுக்கிறது. மார்பு நிறைந்தவளுக்கு அகலமான டாட், சிறுத்தவளுக்கு ஒடுங்கிய டாட். நுனி மார்பின் உச்சிக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிற்க வேண்டும். உச்சி வரை ஓடினால் அங்கே ஒரு கூர் முளைத்துச் சட்டையின் அழகைக் கெடுத்துவிடும். சட்டை இறுகினால் வடிவு வரும் என்பது தவறான எண்ணம். டாட் சரியான இடத்தில் விழுந்தால் தளர்வான சட்டையும் வடிவாக இருக்கும். தவறான இடத்தில் விழுந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கொழுக்கிகளுக்கு இடையில் துணி வாய் பிளக்கும். "இன்னும் கொஞ்சம் பிடியுங்கோ அக்கா" என்று கேட்கிற பிள்ளையிடம், "பிடிக்கலாம், நீ மூச்சு விட வேணுமெல்லோ" என்று சொல்லும் தையற்காரி தொழில் தெரிந்தவள்.

டாட்டுக்குப் பிறகு வந்தது பிரின்சஸ் கட். 1870களின் தொடக்கத்தில் பாரிஸில் சார்ள்ஸ் பிரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயத் தையற்கலைஞர், இடுப்பில் குறுக்குத் தையல் இல்லாமல், தோளிலிருந்து கீழே நெட்டாக ஓடும் தையல்களாலேயே உடுப்பைப் பொருத்தினார். வேல்ஸ் இளவரசி அலெக்சாண்டிராவின் பெயரால் பின்னர் அது இளவரசி வெட்டு ஆனது என்பார்கள். அவருடைய கணவர் எட்வர்ட் 1875 டிசம்பரில் இலங்கைக்கு வந்தார். மனைவியைக் கூட்டி வரவில்லை. இளவரசி காலடி வைக்காத இந்தத் தீவில், இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் தையற்காரிகள் அவர் பட்டத்தைச் சொல்லித்தான் சட்டை வெட்டுகிறார்கள்.

இந்த வெட்டில் டாட் தனியாகத் தெரியாது. நீளத் தையலுக்குள் ஒளிந்துவிடும். மேலிருந்து கீழே கோடு ஓடுவதால் பார்வையும் நெட்டாக ஓடுகிறது; உடம்பு உயர்ந்து தெரிகிறது. உள்ளே தையல் விளிம்பில் அரை அங்குலம் விட்டுத் தைத்திருந்தால், பிள்ளை பெற்ற பிறகோ உடம்பு இளைத்த பிறகோ அந்தத் தையலைப் பிரித்து நீளம் முழுவதும் சீராகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். உடம்பு மாறும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட சட்டை அது. எனக்கு இதைவிடப் பிடித்த வெட்டு வேறில்லை.

கிராஸ் கட் என்பது இன்னொரு வழி. துணியின் நெசவுக்குச் சாய்வாக, 45 பாகையில் வெட்டினால் பருத்தித் துணியும் இழுபடும். 1920களில் மெடலின் வியோனே பாரிஸில் முழு உடுப்புகளையே இப்படி வெட்டிப் புகழ்பெற்றார். நம் ஊரில் சட்டையின் முன்பாகம் மட்டும் சாய்வாக வெட்டப்படுகிறது. துணி கொஞ்சம் கூடப் பிடிக்கும். அதற்கு மனமில்லாத கடைகளில் இந்த வெட்டு மறைந்து வருகிறது.

வடிவம் வந்தாயிற்று, அளவு? 1939-40இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். ரெடிமேட் உடுப்புக்கு ஒரு பொது அளவு காண்பதுதான் நோக்கம். வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். மேற்கு நாடுகளில் இப்படி வகுத்த எண்களும், எஸ், எம், எல் என்ற எழுத்துகளும் உலகமெங்கும் போயின. இந்தியா தன் மக்களின் உடம்பை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தை, ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் என்ற இலக்கோடு, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது. இலங்கைப் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் உட்கார்ந்து மேற்கு நாட்டுக் கடைகளுக்கு உள்ளாடை தைக்கிறார்கள். எல்லா ஆடைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் ஏற்றுமதி. அவர்கள் தைக்கிற அளவு அவர்களுடையதல்ல. ரெடிமேட் சட்டை தோளில் வழிந்து இடுப்பில் இறுகும்போது அந்தக் கணக்கைக் குறை சொல்லுங்கள், உங்களை அல்ல.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் ஏறிய பிறகு, போரும் சேர்ந்து கணவரைப் பறித்த எத்தனையோ வீடுகளுக்குத் திருகோணமலை மாவட்டத்தில் நிவாரணமாகத் தையல் மெசின் வந்தது. பயிற்சியும் கொடுத்தார்கள். முன் விறாந்தையில் மெசினைப் போட்டு, அதிலே பிள்ளைகளைப் படிப்பித்த பெண்கள் பலர். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர்கள் ஒவ்வொரு உடம்பாகப் படித்துச் சேர்த்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கை முடிகிற கோடு மார்பின் கோட்டோடு ஒன்றாக விழுந்தால் மார்பு அகன்று தெரியும்; முழங்கைக்குச் சற்று மேலே இறக்கினால் தோள் அடங்கும். பின்கழுத்து ஆழமாக வேண்டுமென்றால் தோள் சரியாமல் இருக்க மேலே நாடா வேண்டும். உயரம் குறைந்தவளுக்கு ஒடுங்கிய கரையும், சாறியின் நிறத்தோடு ஒட்டிய சட்டையும் எடுப்பு. நிறத்தை வெட்டி மாற்றினால் உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும். கஞ்சி போட்ட பருத்திச் சாறி மெலிந்தவளுக்கு நிறைவு தரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜோர்ஜெற் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பருத்தியே நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாறி நழுவாமல் இருக்க உள்பாவாடை நாடாவை இடுப்பில் வெட்டுமளவுக்கு இறுக்குகிறார்கள். பல்லாண்டு இடுப்பில் இறுகக் கட்டிய உடுப்பு ஒரே இடத்தில் உரசிப் புண்ணாகி, அந்தப் புண் தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2024இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார்கள். அரிதான நோய்தான். ஆனாலும் மெல்லிய நாடாவுக்குப் பதில் இரண்டு மூன்று அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தைப்பது சின்ன வேலை. இடுப்பிலும் சுருக்கம் திரளாமல் சாறி சீராக விழும்.

திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ சட்டை கொடுக்கும்போது பழைய அளவுச் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது தைத்த நாளின் உடம்பை மட்டுமே அறியும். வழக்கமாக அணியும் உள்ளாடையோடு போய், கையைத் தொங்கவிட்டு நேராக நின்று, புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.