ஓட்டுநர் உரிமத் தேர்வு: யாருக்கு விலக்கு, யாருக்குக் கட்டாயம்?

பயிற்சி மையத்தில் சேர்ந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்ற தகவல் 2024-ஆம் ஆண்டு சமூக ஊடகங்களில் பரவியது. விதிகளில் மாற்றம் ஏதும் இல்லை என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அப்போது விளக்கம் அளித்தது. எனினும் அந்தத் தகவலில் பாதி உண்மை இருந்ததே குழப்பத்துக்குக் காரணம்.

2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் பயின்று தேறி, படிவம் 5பி சான்றிதழ் பெறுபவருக்கு ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. கார் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்கான இப்பயிற்சி 29 மணி நேரம் கொண்டது. இதில் 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் செய்முறை. நான்கு வாரங்களுக்குள் இதை முடிக்க வேண்டும். மையத்தில் சிமுலேட்டரும் தனித் தேர்வுத் தடமும் இருப்பது கட்டாயம். தெருவுக்குத் தெரு காணப்படும் வழக்கமான பயிற்சிப் பள்ளிகள் தருவதோ படிவம் 5. அது பயிற்சி பெற்றதற்கான சான்று மட்டுமே. தேர்விலிருந்து விலக்குத் தராது. ஆகவே, "தேர்வே இல்லை" என்று கூறி யாரேனும் கட்டணம் கேட்டால், தரப்போவது எந்தப் படிவம் என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

அனைவரும் பழகுநர் உரிமத்தில், அதாவது எல்.எல்.ஆரில் தொடங்க வேண்டும். சாலைக் குறியீடுகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும் முறை, வாகனத்தில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை குறித்த கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி. இந்த உரிமம் 6 மாதங்கள் செல்லும். இதைப் பெற்று 30 நாள்கள் ஆன பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலும்.

அந்த 30 நாள்களும் காத்திருப்புக் காலமல்ல, பழகும் காலம். பழகுநர் தனியே கார் ஓட்டக் கூடாது. உரிமம் பெற்ற பயிற்றுநர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ வசதியான இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்த மறுநாளே தனியாகக் காரை எடுத்துச் செல்வோர் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை.

தேர்வுக் களத்தின் வடிவம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கேரளத்தில் காருக்கு 'எச்' வடிவத் தடம் பெயர் பெற்றது. அங்கு 2024-இல் தேர்வைக் கடுமையாக்கும் முயற்சிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் போராட்டம் நடத்தி எதிர்ப்புத் தெரிவித்தன. ஆயினும் மத்திய மோட்டார் வாகன விதிகள் எதிர்பார்க்கும் திறன்கள் நாடெங்கும் ஒன்றே. என்ஜினை இயக்குமுன் கண்ணாடியைச் சரிசெய்தல், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி உருளவிடாமல் கிளப்புதல், குறுகிய இடத்துக்குள் பின்னோக்கிச் செலுத்துதல், அவசரத்தில் பாதுகாப்பாக நிறுத்துதல் ஆகியன அவற்றுள் சில. காலி மைதானத்தில் மட்டும் பழகியவருக்கு மேட்டுச் சோதனை எளிதில் கைவராது. கிளட்சும் கைபிரேக்கும் ஒருசேர இயங்கும் பழக்கம் ஏற்றச் சாலையில்தான் வரும்.

குறைந்தபட்ச வயது 18. 50 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16 வயதில் அனுமதி உண்டு. ஆனால் இன்று ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அந்த வரம்பைத் தாண்டியவை. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

தேர்வில் தவறினால் 7 நாள்களுக்குப் பின் மீண்டும் முயலலாம். மூன்று முறை தவறியவர், கடைசித் தேர்விலிருந்து 60 நாள்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் எல்.எல்.ஆரின் ஆறு மாதம் முடிந்துவிடுமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.