திரும்பி வாராத வழி

எண்ணெய்க் கிணற்றைப் பற்றிப் பேசுவதற்குக் காஞ்சிபுரத்துக்காரன் ஒருவனுக்கு என்ன உரிமை என்று நேயர்கள் வினவலாம். எங்கள் ஊரில் பட்டுத் தறி உண்டு, கோயில் உண்டு, எண்ணெய்க் கிணறு காண வேண்டுமாயின் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் வரை செல்ல வேண்டும். ஆயினும் அக்கிணற்றினுள் நடைபெறும் வேலையை எங்கள் வீட்டுக் கொல்லைகளிலேயே பார்க்கலாம். பாலாற்றில் நீரோட்டம் அருகியபின் ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அவற்றுள் சிலவற்றில் கம்ப்ரசர் வைத்து நீர் எடுக்கிறார்கள். நிலத்தின்மேல் இருக்கும் அப்பொறி காற்றை அழுத்தி, மெல்லிய குழாய் ஒன்றின் வழியே கிணற்றின் அடிக்கு அனுப்புகிறது. காற்றுக் குமிழிகள் கலந்தவுடன் நீர்க்குழாயிலுள்ள நீர் எடை குறைகிறது. சுற்றிலும் உள்ள கனத்த நீர் அதனை மேலே தள்ளுகிறது. தொட்டியில் நீர் சீராக விழாமல் திக்கித் திக்கி விழுவது இதனால்தான்.

எண்ணெய்க் கிணற்றில் காற்றுக்குப் பதிலாக இயற்கை வாயு; அடிப்படையில் வேறுபாடு அவ்வளவே. ஆனால் காற்று திரும்பி வந்தால் பொறி பழுதாகும். எரிவாயு திரும்பி வந்தால் உயிர் போகும்.

சென்றது திரும்பாதிருக்கச் செய்யும் கலை மிகப் பழையது. கொல்லன் துருத்தியைப் பாருங்கள். காற்றை உள்ளிழுக்க ஒரு துளை. துளையின் உட்புறத்தில் ஒரு மடல். துருத்தியை அமுக்கும்போது மடல் துளையை மூடிக்கொள்ள, காற்று உலைக்கே போகிறது. மடல் கிழிந்துவிட்டால், எவ்வளவு அமுக்கினாலும் நெருப்பு சிவக்காது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவரின் நீரேற்றும் பொறியிலும் இத்தகைய அமைப்பு இருந்தது. 1603இல் பாதுவா நகரத்துப் பேராசிரியர் பாப்ரிசியஸ், மனித உடலின் சிரைகளில் இவற்றையே கண்டு, 'சிறு கதவுகள்' என்று விவரித்தார். குருதி வேகமாகப் பாய்ந்துவிடாமல் தடுப்பதற்காக அவை உள்ளன என்பது அவர் எண்ணம். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில், குருதி இதயத்தை நோக்கியே செல்லவேண்டும், திரும்பலாகாது என்பதற்கே அக்கதவுகள் என்று நிறுவினார். மாணவன் ஆசிரியரை விஞ்சிய வரலாறுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இது. வகுப்பில் இதனைத் தொடங்கினால் மணியடிக்குமுன் முடிக்க என்னால் இயன்றதே இல்லை.

காற்றைச் செலுத்தி நீர்மத்தை உயர்த்தலாம் என்று 1797இல் சோதித்துக் காட்டியவர் லோஷர் என்னும் ஜெர்மானியச் சுரங்கப் பொறியாளர். 1900ஆம் ஆண்டை ஒட்டி டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் காற்றையே செலுத்தினர். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெய் வாயுவோடு கலந்தால் வெடிக்கக்கூடும், இரும்பையும் அரிக்கும். ஆகவே 1920களில் இயற்கை வாயு அவ்விடத்தைப் பெற்றது. 1944இல் கிங் என்பவர், அழுத்தத்திற்கேற்பத் தானே திறந்து மூடும் வால்வு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனுள் வாயு அடைத்த, மடிப்புகள் கொண்ட ஓர் உலோக உறுப்பு உண்டு. ஆங்கிலத்திலும் அதற்குத் துருத்தி என்றே பெயர்!

கிணற்றில் குழாய்கள் ஒன்றனுள் ஒன்றாக இறங்குகின்றன. வெளிக்குழாய்க்கும் உட்குழாய்க்கும் இடைப்பட்ட வெளியில் வாயுவைச் செலுத்துகிறார்கள். உட்குழாயின் பக்கத்தில், சட்டைப்பைபோல் அமைந்த இடங்களில் வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கும். விட்டம் 1 அங்குலம் அல்லது 1½ அங்குலம். கைவிரல்களுள் அடங்கும் பருமன். வாயு அவற்றின் வழியே உட்குழாயில் புகுந்து எண்ணெயை இலேசாக்குகிறது. ஒவ்வொரு வால்வின் கீழ்ப்பகுதியிலும் நம் துருத்தி மடலின் வழித்தோன்றல் ஒன்று உண்டு. வாயு செல்லும்போது அது விலகி நிற்கும். வாயு நின்று எண்ணெய் பின்னோக்கிப் பாய முற்பட்டால், அந்தப் பாய்ச்சலே அதனைத் தள்ளிப் பீடத்தில் அமர்த்திவிடும்.

கம்ப்ரசர் திடீரென நின்றுபோகும் நாளில்தான் அதன் அருமை தெரியும். கதவு மூடாவிடின், மணலும் உப்பு நீரும் கலந்த எண்ணெய் இடைவெளிக்குள் புகும். நிலத்தடி வாயுவோ அவ்விடைவெளி வழியே மேலேறி, தன்னை அனுப்பிய குழாய்க்கே வந்து சேரலாம். கதவு மூடாதிருக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டா. ஒரு மணல் துகள் பீடத்தில் சிக்கினாலே போதும்.

நல்ல கதவு இருந்தால் மட்டும் போதுமா? அது எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். நம் நாட்டில் இம்முறை பெரிய அளவில் கையாளப்படும் மும்பை ஹை எண்ணெய் வயல் இதனைக் கொடிய முறையில் உணர்த்தியது. மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில், கடலடியில் 1974இல் கண்டறியப்பட்ட வயல் அது. எண்ணெயை உயர்த்தும் வாயு, நடு மேடையிலிருந்து கடலடிக் குழாய்கள் வழியே கிணற்று மேடைகளுக்குச் செல்லும். 2005 ஜூலை 27 அன்று, மும்பை நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியதற்கு மறுநாள், 'சமுத்ர சுரக்ஷா' என்னும் கப்பலில் சமையற்காரர் ஒருவரின் விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. பருவமழையில் ஹெலிகாப்டர் கிடைக்காமையால், கப்பலே அவரை ஏற்றிக்கொண்டு மும்பை ஹை வடக்கு மேடையை நெருங்கிற்று. பேரலை கப்பலைத் தூக்கித் தள்ள, அது மேடையருகே செங்குத்தாக நின்ற வாயுக் குழாய்களில் மோதியது. கசிந்த வாயு தீப்பற்றியது.

மேடையில் அவசர அடைப்பு வால்வுகள் இருந்தன. ஆனால் உடைந்த இடத்திற்கு அப்பால், சில குழாய்கள் கடலடியில் 12 கி.மீ. வரை நீண்டிருந்தன. அவற்றில் அடங்கியிருந்த வாயு, மேடையிலிருந்து போன வாயு, மேடைக்கே திரும்பி வந்து எரிந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மேடை கடலில் சரிந்தது. 362 பேர் காப்பாற்றப்பட்டனர். 22 பேர் மாண்டனர்.

இந்தப் பாடம் உலகுக்குப் புதிதன்று. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்பா மேடை எரிந்தபோது, அண்டை மேடைகளோடு அதனை இணைத்த வாயுக் குழாய்கள் வெடித்து நெருப்பை வளர்த்தன. 167 பேர் இறந்தனர். 1990இல் கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை வெளியானபின், அக்கடலின் மேடைகள் பலவற்றில் கடலடியிலேயே அடைப்பு வால்வுகளை அமைத்தார்கள். உடையக்கூடிய இடத்திற்கு அப்புறம் கதவு இருக்க வேண்டும் என்பது எளிய அறிவு. அது வடகடலிலிருந்து அரபிக்கடலுக்கு வரப் பதினேழு ஆண்டுகள் போதவில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துவது. கடல்சார் எண்ணெய்ப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகளை இந்திய அரசு 2008இல் வெளியிட்டது.

கிணற்றினுள் இருக்கும் சிறு கதவைச் சோதிக்கும் முறை எளியது. வாயுவை நிறுத்துகிறார்கள், இடைவெளியிலுள்ள அழுத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறார்கள், பின்னர் அழுத்தமானியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். முள் அசையாது நின்றால் கதவு மூடியிருக்கிறது. முள் ஏறத் தொடங்கினால், கம்பியில் கருவி கட்டி இறக்கி, எந்த வால்வு பழுதோ அதனைக் கழற்றி மேலே கொணர்ந்து, வேறொன்றைப் பொருத்துகிறார்கள்.