கேமிங் மவுஸ் வாங்கப் போறீங்களா? பெட்டியில் உள்ள எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்

கணினிக் கடைக்குள் நுழைந்தால் கேமிங் மவுஸ் மட்டுமே ஒரு சுவரை நிரப்பியிருக்கும். ஒன்றின் விலை 30, 40 வெள்ளி. பக்கத்தில் தொங்குவது 200 வெள்ளிக்கும் மேல். பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்? பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்கள்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நன்றாக விளையாட அந்த எண்கள் உதவுவது கொஞ்சம்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: உங்கள் கை, நீங்கள் விளையாடும் கேம், உங்கள் மேசை.

கைக்குப் பொருந்துமா?

ஒரு ரூலரை எடுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். மவுஸின் நீளம் அதில் சுமார் 60 விழுக்காடு இருக்கலாம் என்பது விளையாட்டாளர்கள் இடையே புழங்கும் ஒரு கணக்கு. கை 18 சென்டிமீட்டர் என்றால் மவுஸ் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். இது தோராயம்தான், சட்டம் இல்லை.

அடுத்தது, எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது. பொதுவாக மூன்று வகை உண்டு.

• உள்ளங்கை முழுவதும் மவுஸ் மேல் படுவது: நீளமான, முதுகு உயர்ந்த மவுஸ் வசதி. ரேசர் டெத்ஆடர் வி3 புரோ இந்த ரகம். நீளம் 12.8 சென்டிமீட்டர்.

• விரல்களை வளைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் படுவது: நடுத்தர அளவு போதும்.

• விரல் நுனிகளால் மட்டும் பிடிப்பது: சிறியதும் எடை குறைந்ததும் நல்லது.

பெரிய கைக்குச் சின்ன மவுஸ் என்றால் விரல்கள் எந்நேரமும் மடங்கியே இருக்கும். இரண்டு, மூன்று மணிநேரம் விளையாடுபவர்களுக்கு அது சிரமம். கையில் வலியோ மரத்துப்போன உணர்வோ அடிக்கடி வந்தால் மவுஸை மாற்றுவது மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே வடிவத்தில் இருந்தாலும், பக்கவாட்டு பட்டன்கள் பெரும்பாலும் வலக்கைக் கட்டைவிரலுக்கு மட்டுமே வைக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

என்ன விளையாடுகிறீர்கள்?

வேலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற சுடும் கேம்களில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அங்கே எடைதான் முக்கியம். ரேசர் வைப்பர் வி3 புரோவின் எடை சுமார் 54 கிராம். லாஜிடெக் ஜி502 ஹீரோ 121 கிராம், அதாவது இருமடங்குக்கும் மேல். ஒரு மணிநேரம் விளையாடினால் வித்தியாசம் கையில் தெரியும்.

அதற்காக ஜி502 மோசம் என்று அர்த்தம் இல்லை. அதில் 11 பட்டன்கள். பல கட்டளைகளை விரல் நுனியில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு அது கைகொடுக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி மந்திரங்களும் ஆயுதங்களும் நிறைந்த கேம் என்றால், கட்டைவிரல் பக்கம் 12 பட்டன்கள் கொண்ட ரேசர் நாகா வகை மவுஸ்கூட உண்டு.

டோட்டா 2 மாதிரியான கேம்களுக்கு இவ்வளவு பட்டன்களும் வேண்டாம், இறகு மாதிரி எடையும் வேண்டாம். கைக்கு வசதியான, கிளிக் சீராக இருக்கும் சாதாரண மவுஸே போதும்.

மேசையில் இடம் இருக்கா?

இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குறி துல்லியமாக விழ வேண்டும் என்பதற்காக, போட்டி விளையாட்டாளர்கள் மவுஸின் வேகத்தைக் குறைத்தே வைத்துக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம். வேலரண்டில் மவுஸ் 800 டிபிஐ, கேமுக்குள் சென்சிட்டிவிட்டி 0.35 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் சுமார் 47 சென்டிமீட்டர் நகர வேண்டும். பின்னால் இருக்கும் எதிரியைப் பார்க்க மட்டுமே 23 சென்டிமீட்டர்.

வீவக வீட்டின் படுக்கையறையில் சின்ன மேசை. அதில் பாதியைக் கீபோர்டும் பள்ளிப் புத்தகங்களும் பிடித்துக்கொண்டால் இந்த அமைப்பு வேலை செய்யாது. 200 வெள்ளி மவுஸ் வாங்கி, அதை ஒரு புத்தக அளவு இடத்தில் ஓட்டுவதில் பயன் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பெரிய மவுஸ் பேடுக்கு ஒதுக்கலாம்.

டிபிஐ அதிகம் என்றால் நல்லதா?

இல்லை. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை அடி எடுத்து வைத்ததாகக் கணினியிடம் சொல்கிறது என்பதே டிபிஐ. அது வேகத்தைக் குறிக்கும், தரத்தை அல்ல.

சாதாரண 1920 பிக்சல் அகலத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 800 டிபிஐயில் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மவுஸ் சுமார் 6 சென்டிமீட்டர் நகர வேண்டும். 32,000 டிபிஐயில்? வெறும் 1.5 மில்லிமீட்டர். மூச்சு விட்டாலே குறி தப்பிவிடும்!

தொழில்முறை விளையாட்டாளர்களில் பெரும்பாலோர் 400 முதல் 1,600 டிபிஐ வரைதான் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடையே நீண்டகாலமாகப் பிரபலமான ஸவ்வி ஈசி வரிசை மவுஸ்கள் பலவற்றில் உச்ச அளவே 3,200தான். மலிவு விலை லாஜிடெக் ஜி102 மவுஸிலோ 8,000 வரை போகலாம். டிபிஐ எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவை இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

8,000 ஹெர்ட்ஸ் தேவையா?

மவுஸ் ஒரு விநாடிக்கு எத்தனை முறை தன் இருப்பிடத்தைக் கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது.

• 125 ஹெர்ட்ஸ்: 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை
• 1,000 ஹெர்ட்ஸ்: 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை
• 8,000 ஹெர்ட்ஸ்: 0.125 மில்லிவிநாடிக்கு ஒருமுறை

அலுவலக மவுஸிலிருந்து சாதாரண கேமிங் மவுஸுக்கு மாறினால் 7 மில்லிவிநாடி மிச்சம். அங்கிருந்து 8,000க்குத் தாவினால் மிச்சமாவது 1 மில்லிவிநாடிகூட இல்லை. 144 ஹெர்ட்ஸ் திரையே ஏறக்குறைய 7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப் படம் காட்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கணினிக்கு வேலை கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும். வைப்பர் வி3 புரோ 1,000 ஹெர்ட்ஸில் 95 மணிநேரம் வரை ஓடும் என்கிறது ரேசர். 8,000இல் அது 17 மணிநேரம்தான். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் 1,000 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கம்பியா, கம்பியில்லாததா?

கம்பியில்லா மவுஸ் தாமதமாகும் என்பது பழைய கதை. யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர் மூலம் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் நல்ல மவுஸ் கம்பி மவுஸுக்கு ஈடு கொடுக்கும். ஆனால் புளூடூத் வேறு. அது பள்ளிப் பாடத்துக்கு ஓகே, கேமுக்கு வேண்டாம்.

ஒரே விலையில் ஒப்பிட்டால் கம்பி மவுஸில் பொதுவாக எடை குறைவு, சார்ஜ் தொல்லையும் இல்லை. ஜி102 சுமார் 85 கிராம். கம்பியில்லா ஜி304, ஏஏ பேட்டரியோடு 99 கிராம். எடை குறைந்த லித்தியம் ஏஏ பேட்டரி போட்டால் அதில் சில கிராம் குறையும்.

கடையில் என்ன செய்யலாம்?

• காட்சிக்கு வைத்திருக்கும் மவுஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டு பட்டனைக் கட்டைவிரல் நீட்டாமல் தொட முடிகிறதா?

• தூக்கி இலேசாக ஆட்டுங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

• உத்தரவாதம் எத்தனை ஆண்டு, உள்ளூர் விநியோகிப்பாளர் தருவதா என்று விசாரியுங்கள். ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆகும் கோளாறு பயனீட்டாளர்கள் அடிக்கடி சொல்லும் புகார். உலோகத் தொடுமுனைகள் தேய்வது அதற்கு ஒரு காரணம். ஒளியால் இயங்கும் சுவிட்ச் உள்ள மவுஸில் அந்தத் தேய்மானம் இல்லை.

• ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன் லா’ சட்டத்தின்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கியபோதே அது இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கடையிடம் கேட்கலாம்.

ஆனால் “கைக்குச் சரியா வரல” என்பது சட்டத்தின் கண்ணில் குறை அல்ல. அதனால்தான் வாங்குமுன் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

அப்போ எதை வாங்குவது?

முதல் கேமிங் மவுஸ் என்றால் கைக்குப் பொருந்தும், 1,000 ஹெர்ட்ஸில் இயங்கும் மலிவான ஒன்றிலிருந்தே தொடங்கலாம். கூடவே நல்ல மவுஸ் பேட். சில மாதம் விளையாடிய பிறகு எது குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எடை கனமாகப் படுகிறதா? கம்பி இழுக்கிறதா? பட்டன் போதவில்லையா?

அந்தப் பதில் கிடைத்த பிறகு 200 வெள்ளியை எடுத்தால், அது வீணாகாது.