ரவி வர்மா, ராஜா (1848–1906)

ஓவியப் பள்ளி எதிலும் பயிலாமல், பார்த்தும் வரைந்துமே எண்ணெய் வண்ண ஓவியத்தில் தேர்ந்தவர். திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். தாய்மாமன் ராஜராஜ வர்மா தொடக்கத்தில் வழிகாட்டினார். திருவனந்தபுரம் அரண்மனையில் பணியாற்றிய மதுரை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ண நுணுக்கங்களைக் கற்பிக்க மறுத்ததாகவும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்ததாகவும் கூறுவர். அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதை அருகிருந்து கவனித்தும் கற்றுக்கொண்டார்.

1873இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றது.

ஐரோப்பிய ஒளிநிழல் முறையில் புராணக் கதைகளை வரைந்து, தெய்வங்களுக்கு மனிதச் சாயல் தந்தது இவரது தனித்தன்மை. இவரது சரசுவதி, சரிகைக் கரையிட்ட வெண்சேலையுடன் வீணை மீட்டுகிறாள், அருகில் மயில். ஓவியம் அரண்மனைச் சுவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று கருதிய இவர், 1894இல் மும்பையில் கல்லச்சகம் நிறுவினார். அதன் வண்ணப்படங்கள் எளியோர் பூசையறைகளையும் சென்றடைந்தன. பிற்கால நாட்காட்டி ஓவியங்களுக்கும் முன்மாதிரியாயின.