கண்மாய்ச் சங்கிலி

என் பேரன் வீட்டுக் கூடத்தில் மூன்று மீன் தொட்டிகள் வைத்திருக்கிறான். மூன்றையும் குழாய்களால் இணைத்து, நீர் முழுவதையும் ஒரே வடிகட்டியின் வழியே சுற்றவிடுகிறான். ஒரு குழாய் அடைபட்டால் எல்லாத் தொட்டிகளுக்கும் கேடு. “இது புது முறை, தாத்தா” என்றான். “மதுரைச் சமவெளிக்கு இது மிகப் பழைய முறையப்பா” என்றேன்.

மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வைகையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. ஆதலின் நம் முன்னோர் நிலத்தின் சரிவை அறிந்து, கண்மாய்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேற்கண்மாய் நிரம்பியதும் மிகைநீர் கலுங்கில் வழிந்து, வரத்துக் கால் வழியே கீழ்க்கண்மாயைச் சேரும். பாண்டியர் கல்வெட்டுகள் இம்மாநகரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிக்கின்றன. தலைநகருக்கே ஒரு குளம் முகவரியாயிற்று!

நீரைப் பகிர்ந்ததோடு அவர்கள் நின்றாரல்லர்; சேற்றிற்கும் வழி கண்டனர். வெள்ளம் கொணரும் வண்டலில் பெரும்பகுதி மேற்கண்மாயிலேயே படியும். கீழே செல்லும் நீர் அந்த அளவிற்குத் தெளியும். படிந்த வண்டலை வெளியேற்றக் குமிழித் தூம்பு இருந்தது. கண்மாயின் உள்ளே அமைந்த கல்தொட்டியில், மேலே நீரோடித் துளை. அடியில் சேறோடித் துளை. திறந்தால் நீரும் வண்டலும் கலந்து வயலுக்குச் செல்லும். கண்மாய்க்குத் துப்புரவு, பயிருக்கு எரு.

இவற்றைக் காத்தது குடிமராமத்து. ஊரார் கூடித் தூர்வாரிக் கரை உயர்த்துவர். 1858-இல் ஆங்கில அரசு இவ்வழக்கத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. ஆயினும் பொறுப்பு ஊராரிடமிருந்து அலுவலகங்களுக்கு மாறமாற, ஊர்க்கூட்டுறவு தளர்ந்தது.

இனி என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளி விளையாட்டுத் திடலை அகலப்படுத்தத் தூர்ந்துகிடந்த வரத்துக் காலொன்றை மேடாக்க இசைந்தேன். “நீர் வராத காலுக்கு என்ன மதிப்பு?” என்று எண்ணினேன். அடுத்த பெருமழையில் மேலைத் தெருவில் முழங்கால் வெள்ளம். கீழ்க்கண்மாயிலோ வெடித்த தரை. அதை நம்பி நாற்றுவிட்ட முதியவர் ஒருவர் என்னிடம், “பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் ஐயா, தண்ணீரின் கணக்கை மறந்துவிட்டீர்களே” என்றார். அவருக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

2024 அக்டோபர்ப் பெருமழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளக்காடானபோது அம்முதியவரை நினைத்தேன். குடிமராமத்து என்னும் பெயராலேயே 2017-இல் தமிழக அரசு சீரமைப்புத் திட்டம் தொடங்கியது நல்லதே. ஆனால் ஒரு கண்மாயை மட்டும் ஆழப்படுத்திப் பயனில்லை. அதற்கு நீர் கொணரும் காலும், அதனின்று வெளியேறும் காலும் உயிரோடிருத்தல் வேண்டும்.

விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நடந்து பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். நான் பிந்திக் கற்ற பாடத்தை நீங்கள் முந்திக் கற்பீர்களாக!