பழைய சேலம் மாவட்டத்தில் கம்பளி நூற்பு

கம்பளி நூற்பு என்பது செம்மறி ஆட்டின் மயிரைக் கையால் பக்குவப்படுத்தி நூலாக முறுக்கும் தொழில். பழைய சேலம் மாவட்டத்தில் கன்னடம் பேசும் குரும்பர் சமூகத்தினர் இதை ஆடு வளர்ப்புடன் சேர்த்துச் செய்துவந்தனர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அம்மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டங்களாயின.

தொன்மை

மயிரால் துணி நெய்வது தமிழகத்தில் பழைய வழக்கம். மதுரை அறுவை வீதியில் பருத்தி, மயிர், பட்டு ஆகிய மூன்றாலும் நெய்த துணிகள் அடுக்கப்பட்டிருந்ததாகச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கூறுகிறது. மயிர் அடர்ந்த ஆடு தமிழில் ‘குறும்பாடு’ எனப்படுகிறது.

ஆட்டினங்கள்

சேலம் சமவெளியின் சொந்த இனம் மேச்சேரி ஆடு. மேச்சேரி, கொளத்தூர், நங்கவள்ளி, ஓமலூர், தாரமங்கலம் பகுதிகளில் இது மிகுதியாக வளர்க்கப்படுகிறது. வெப்ப நிலத்துக்கு ஏற்ற இவ்வாட்டின் உடலில் குட்டை முடி மட்டுமே உண்டு. அம்முடியில் முறுக்கு நிற்காது. கம்பளி மயிரில் சுருளும் நுண்ணிய செதில்களும் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதனால்தான் அதை நூற்க முடிகிறது.

தமிழ்நாட்டில் அத்தகைய மயிர் தருபவை திருச்சி கருப்பு, குரும்பை என்றும் அழைக்கப்படும் கோயம்புத்தூர் ஆடு, நீலகிரி ஆடு ஆகியவை. மெரினோ கலப்பால் உருவான நீலகிரி ஆட்டின் மயிர் மென்மையானது. மற்ற இரண்டின் மயிர் முரடானது. அதன் இழை ஏறத்தாழ 40 மைக்ரான் தடிப்புடையது. மெரினோ இழையின் தடிப்பு அதில் பாதியளவே.

நூற்பு முறை

ஆடுகளைக் குளத்திலோ ஆற்றிலோ குளிப்பாட்டி, உலர்ந்தபின் மயிரைக் கத்தரிப்பர். ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பது வழக்கம். தூசும் முள்ளும் நீக்கிய மயிரை வில்லின் நாணால் அடித்துப் பஞ்சுபோல ஆக்குவர். கலப்பு நடப்பது இக்கட்டத்தில்தான். குட்டியின் முதல் கத்தரிப்பு மயிர் மென்மை தரும். வளர்ந்த ஆட்டின் முரட்டு மயிர் உறுதி தரும். கருப்பு, வெள்ளை, பழுப்பு மயிர்களை வேண்டிய அளவில் சேர்த்தால் சாயமின்றியே சாம்பல் முதலிய நிறங்கள் கிடைக்கும்.

பெண்கள் தக்கிளியிலோ இராட்டையிலோ நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்தனர். பாவு நூல் அறாமலிருக்கப் புளியங்கொட்டைக் கூழ் பூசப்பட்டது. இப்படி நெய்த கம்பளி எளிதில் நனையாது. வயலில் கிடை போட்டு இரவில் காவலிருக்கும் இடையர்களுக்கு அதுவே படுக்கையாகவும் போர்வையாகவும் இருந்தது. மழையில் அதையே கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டனர்.

சமூக வாழ்வில்

குரும்பரின் திருமணத்தில் மணமக்கள் கையில் கங்கணம் கட்டுவது உண்டு. பருத்திக் கங்கணம் கட்டுவோர், கம்பளிக் கங்கணம் கட்டுவோர் என இரு பிரிவுகள் அச்சமூகத்தில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். கட்டும் நூலே பிரிவின் பெயராயிற்று.

வீழ்ச்சி

பானிப்பட் போன்ற ஊர்களின் ஆலைகளில் பழங்கம்பளியை மறுசுழற்சி செய்து தயாரித்த மலிவான போர்வைகளும், பின்னர் செயற்கை இழைப் போர்வைகளும் கைக்கம்பளியின் சந்தையைப் பறித்தன. மேய்ச்சல் நிலம் குறைந்தது. இறைச்சிக்கும் தோலுக்கும் விலை கூடியதால் மயிரில்லா ஆடுகளே ஆதாயம் தந்தன. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும் மேச்சேரி இனத்துக்கானதே.

மயிருக்கு விலை இல்லாவிட்டாலும் மயிர் ஆடு வளர்ப்போர் கத்தரிப்பை நிறுத்த முடியாது. கத்தரிக்காத ஆட்டை வெப்பமும் உண்ணியும் வாட்டும். எனவே கத்தரிப்புக் கூலி இழப்பாக முடிகிறது. முன்பு நூலான மயிர் குப்பைக்குப் போகிறது. நூற்போர் குறையக் குறைய மயிர் ஆடுகளை வைத்திருக்கும் காரணமும் குறைகிறது. மயிரைத் தரம் பிரித்துக் கலக்கும் அறிவு கைவழியாகவே கற்கப்பட்டது. நூற்பவர் இல்லாத குடும்பங்களில் அது அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை.