முதலில் மாத்திரை, பிறகு காரணம்

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையின் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், வார்டிலேயே ஆடினார்கள். நுரையீரலுக்குக் கொடுத்தது மனசைத் தூக்கிவிட்டிருந்தது. 1957இல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்கென்றே கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்தார். அதே சமயம் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்கு இமிப்ரமின் உதவுமா என்று பார்த்தார். உதவவில்லை, மனச்சோர்வுக்கு உதவியது. ரெண்டு மருந்துமே வேறெதையோ தேடப்போய்க் கிடைத்தவை.

ஏன் வேலை செய்கின்றன? செரோடோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியை ஐப்ரோனியசிட் தடுக்கிறது. அவை நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை இமிப்ரமின் தடுக்கிறது. நம்மூர் சர்ப்பகந்தியிலிருந்து பிரித்தெடுத்த ரத்த அழுத்த மருந்து ரிசர்பின், அதே பொருட்களைக் குறைத்தது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்துபோனார்கள் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். கணக்கு சுலபமாகிவிட்டது: குறைந்தால் சோர்வு, கூட்டினால் குணம். 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினை வைத்து இதைக் கருதுகோளாக்கினார். பிறகு செரோடோனினும் சேர்ந்துகொண்டது. 1987 கடைசியில் ப்ரோசாக் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப்பின் கருதுகோள் விளம்பர வாசகமாகிவிட்டது.

ஆனால் கணக்கில் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஓட்டை. மாத்திரை சில மணி நேரத்தில் தன் வேலையைத் தொடங்கிவிடும். மனசு தெளிய வாரக்கணக்காகும். வெறும் குறைபாடுதான் என்றால் ஏன் இந்தத் தாமதம்? நரம்பணுக்கள் மெல்ல மெல்லத் தங்கள் இணைப்புகளை மாற்றியமைப்பதால் இருக்கலாம் என்கிறார்கள். முழு விடை இன்னும் இல்லை.

2022இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு, செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிய நண்பன் கீழே எழுதியிருந்தான்: “எல்லாம் பொய்யாம்டா. மாத்திரைய நிறுத்தப்போறேன்.”

மென்பொருள் வேலையில் இது எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு திருத்தம் போட்டதும் பிழை நின்றுவிடும். ஏன் நின்றது என்று அறிக்கையில் எழுதிய காரணம் தப்பாக இருக்கும். அப்போது அறிக்கையைத்தான் மாற்றுவோம், திருத்தத்தை உருவ மாட்டோம். மருந்து பலிக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2018இல் 522 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் பெரிதல்ல, எல்லோருக்கும் ஒரேமாதிரி பலிப்பதுமில்லை. ஆனால் பொய் இல்லை.

அவனுக்கு இவ்வளவும் எழுதவில்லை. “திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், தூக்கமில்லாம போறதுன்னு படுத்தும்டா. டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு” என்று மட்டும் அனுப்பினேன்.